சக்கர நாற்காலி வாங்குவதற்கு முன்

நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு, திருகோணமலை மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளுக்கென்று பணம் திரட்டியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் 40 சக்கர நாற்காலிகளை மொத்தமாக வாங்கி, ஒரே நாளில் நகரத்தில் ஒரு மண்டபத்தில் வைத்து வழங்க எண்ணுகிறீர்கள். எந்த வகையை வாங்குவது, யாருக்குக் கொடுப்பது, யார் மூலம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாற்காலியை முதலில் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆளை முதலில் பாருங்கள். அவருடைய உடலையும் வீட்டையும் வாசலையும் அளந்து பாருங்கள். அதன் பிறகு வாங்குங்கள். கையிலுள்ள பணத்தில் ஏறத்தாழப் பாதியை, கொடுத்த நாளுக்கு மறுநாள் தொடங்கும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் புனர்வாழ்வு வேலைக்கு வந்த நான் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டேன். இவ்வளவு காலத்தில் என் கண்முன்னே வீணாய்ப்போன உதவிகளில் பெரும்பாலானவை அவசரத்தால் வீணாய்ப்போனவை. கொடுத்தவர்களின் மனத்தில் குறை இருக்கவில்லை. உங்கள் பணத்துக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம். மாற்றுத்திறனாளி என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்குள் பல காலத்துக் காயங்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறியபோது இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; கிண்ணியாவில் வைத்தியசாலையையே அலை அழித்துவிட்டது. அப்போது அதை நகரத்தோடு இணைக்கும் கிண்ணியாப் பாலமும் இல்லை. அது 2009இல்தான் திறக்கப்பட்டது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் சிலர் அவர்களோடு சேர்ந்தே போனார்கள். 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூரையும் சம்பூரையும் வெறுமையாக்கியது. 2009 பெப்ரவரி தொடக்கம் மே வரையில், போர் நடந்த முல்லைத்தீவின் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் ஏற்பாட்டில் வந்த கப்பல்கள் காயப்பட்டவர்களும் நோயாளிகளும் உடன்வந்த உறவினர்களுமாக ஏறத்தாழ 14,000 பேரை வெளியே கொண்டுவந்தன. முதலில் வந்த கப்பல்கள் திருகோணமலையில்தான் ஆட்களை இறக்கின; பிறகு புல்மோட்டையில் இறக்கினார்கள், அங்கே இந்திய மருத்துவக் குழுவொன்று கள வைத்தியசாலை நடத்தியது. அந்த நாட்களில் இருபது வயதில் முள்ளந்தண்டு வடம் அறுந்து வந்த ஒருவருக்கு இன்று நாற்பதை நெருங்கும் வயது. பதினாறு ஆண்டுகள் கையால் சில்லு தள்ளியதில் அவருடைய தோள்மூட்டு தேய்ந்திருக்கிறது. அவரைத் தூக்கி இருத்திய தாய்க்கு இப்போது தன் முதுகையே நிமிர்த்த முடியவில்லை. போர் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் அந்த வீட்டில் அதன் கணக்கு வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

இவர்களையெல்லாம் விட எண்ணிக்கையில் கூடியவர்கள் போரோ சுனாமியோ காரணமில்லாமல் மாற்றுத்திறனாளிகள் ஆனவர்கள். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், நீரிழிவுப் புண் முற்றிக் கால் அகற்றப்பட்டவர்கள், பிறக்கும்போதே மூளை வாதம் வந்த பிள்ளைகள், காது கேளாதவர்கள், பார்வையற்றவர்கள், மனநோயோடு வாழ்பவர்கள், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று அவர்கள் பல வகையினர். புலம்பெயர்ந்த நம்மவர்களின் மனம் போரில் காயப்பட்டவர்களிடம் முதலில் போவது இயல்பானது. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வெள்ளம் வந்த இரவில் எந்தக் கால் எதனால் போனது என்று தண்ணீர் கேட்பதில்லை. நீங்கள் தயாரிக்கும் பட்டியலும் கேட்கக் கூடாது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான இலங்கையரில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு குறைபாட்டோடு வாழ்கிறார்கள். உலக அளவில் இது 16 வீதம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வரும் விடையும் மாறும். வாசலில் நின்று, “வீட்டில அங்கவீனர் ஆரும் இருக்கினமா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்பதில், நடப்பதில் அல்லது படியேறுவதில், நினைவில் வைப்பதில் அல்லது கவனம் செலுத்துவதில், குளிப்பது உடுப்பது போன்றவற்றைத் தானே செய்வதில், பேசிப் புரியவைப்பதில் சிரமம் உண்டா என்று ஆறு கேள்விகளாகக் கேட்டால் உள்ளறையில் இருப்பவர்களும் வெளியே வருவார்கள். வாஷிங்டன் குழுவின் கேள்விகள் என்று இவற்றுக்குப் பெயர். நிவாரண அமைப்புகள் உலகெங்கும் பயன்படுத்துகின்றன. கிராம உத்தியோகத்தரிடமுள்ள பட்டியலையும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமுள்ள பட்டியலையும் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அதோடு நிற்காமல் இந்த ஆறு கேள்விகளையும் வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கத் தெரியாதவர்களும், மகளுக்குக் கலியாணம் பேசும் வயது என்பதால் மகனை மறைத்து வைத்திருப்பவர்களும் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். எல்லா வேளையிலும் விடுபட்டுப்போவது காது கேளாதவர்கள்தான். பார்க்க ஆரோக்கியமாக இருப்பதால் அவர்களுக்கு எதுவும் வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இனிச் சக்கர நாற்காலிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூதூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் அதிகம் பாவிக்காத ஒரு சக்கர நாற்காலி நின்றது. அதன் இருக்கையில் ஒரு சுளகு. சுளகில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலிக்கு உரிய மனிதர் உள்ளே பாயில் படுத்திருந்தார். ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டேன். “நல்ல கதிரைதான் ஐயா. மண்ணுக்க இறங்கினா அசையாது. ரெண்டு பேர் தூக்க வேணும். அதுக்குப் பாயே நல்லம்” என்றார். பிறகு நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். இருக்கை 18 அங்குல அகலம். அவருடைய இடுப்பு 14 அங்குலம்கூட இல்லை. அதில் இருந்தால் ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருக்க வேண்டும். கால்மிதி உயரத்தில் நின்றுவிட்டதால் முழங்கால்கள் மேலே எழும்பி, உடல் பாரம் முழுவதும் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளிலும் விழுந்திருக்கும். முன் சில்லுகள் உள்ளங்கை அகலம்தான். வாசலிலிருந்து ஒழுங்கை வரை முழுவதும் கடற்கரை மணல். அந்த நாற்காலி வைத்தியசாலையின் வழுவழுப்பான தரையில் நோயாளியை அரைமணி நேரம் தள்ளிப்போவதற்கென்று செய்யப்பட்டது. அதில்தான் அவர் வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும் என்று யாரோ தூரத்தில் இருந்து தீர்மானித்திருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில், வசதி குறைந்த நாடுகளில் சக்கர நாற்காலி வழங்குவதற்கு எட்டுப் படிகள் சொல்லப்படுகின்றன: ஆளை இனங்கண்டு வரச்சொல்வது, நிலையை மதிப்பிடுவது, எந்த வகை என்று தீர்மானிப்பது, பணத்தையும் கொள்வனவையும் ஒழுங்கு செய்வது, நாற்காலியைத் தயார்செய்வது, உடலுக்குப் பொருத்துவது, பாவிக்கப் பழக்குவது, பிறகு திருத்தவும் பார்க்கவும் திரும்பிப் போவது. நீங்கள் திட்டமிட்டிருக்கும் வழங்கலில் நாலாவது படியும், ஆறாவதில் கால்வாசியும் மட்டும்தான் நடக்கும். அளவெடுப்பது பெரிய வித்தையல்ல. இடுப்பின் அகலம்தான் இருக்கையின் அகலம். பின்புறத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை அளந்து, இரண்டு அங்குலம் குறைத்தால் இருக்கையின் ஆழம். முழங்காலின் உட்பக்கத்திலிருந்து குதிக்கால் வரையிலான நீளத்துக்குக் கால்மிதியை இறக்க வேண்டும். ஓர் இயன்மருத்துவர் உடன் வந்தால் ஒரு நாளில் எட்டுப் பத்து வீடுகள் பார்க்கலாம்.

வகையைப் பற்றிக் கேட்டீர்கள். நிலாவெளி, குச்சவெளி, சம்பூர் போன்ற மணல் ஊர்களுக்கு, முன்னால் நீட்டிக்கொண்டு ஒற்றைப் பெரிய சில்லு வைத்த மூன்று சில்லு நாற்காலிதான் உதவும். அது குழியில் இறங்கினாலும் முன்பக்கம் குத்தி விழாது. கை நன்றாக இருப்பவருக்கு, சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வர, கையால் சுற்றி ஓட்டும் முச்சக்கர சைக்கிள் இன்னும் நல்லது. வீட்டுக்குள் சீமெந்துத் தரையிலேயே நடமாடுபவருக்கு சாதாரண நாற்காலி போதும். எதுவானாலும் ரயரும் ரியூப்பும் ஊரிலுள்ள சைக்கிள் கடையில் கிடைக்கும் அளவாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் பாவித்த நாற்காலிகளைக் கொள்கலனில் ஏற்றி அனுப்பலாம் என்று உங்களில் ஒருவர் யோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவற்றின் போல்ற், பெயரிங் எல்லாம் வேறு அளவு. கடற்காற்றில் ஒரு வருடத்தில் துருப்பிடித்து இறுகிவிட்டால் திருத்த ஆளும் இல்லை, சாமானும் இல்லை.

நாற்காலியை விட முக்கியமானது அதன் மேல் வைக்கும் மெத்தை என்று நான் சொல்லும்போது பலர் வியப்போடு பார்ப்பார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே பெரும்பாலும் உணர்வு இருக்காது. உணர்வுள்ள நாம் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே தன்னையறியாமல் அசைந்துகொள்கிறோம். அவருக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே அகப்பட்ட தோலுக்கு இரத்தம் போகாமல், சில மணி நேரத்திலேயே அது செத்துவிடும். மேலே ஒரு சிவந்த வட்டம்தான் தெரியும்; உள்ளே எலும்பு வரை அழுகியிருக்கும். போரிலும் சுனாமியிலும் பிழைத்து வந்தவர்களில் சிலரைப் படுக்கைப் புண் கொன்றதை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பதற்குப் பெரிய செலவில்லை. அழுத்தம் பரவும்படி வெட்டிய தடித்த இறப்பர் நுரை மெத்தை ஒன்று வேண்டும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி எழும்பவோ, முன்னால் குனிந்து பாரத்தை இறக்கவோ பழக்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தடவை புரட்ட வேண்டும். இரவில் படுக்கும் முன் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பின்புறத்தைத் தானே பார்க்க வேண்டும். உவர்மலைப் பக்கத்தில் ஒரு பெண் அந்தக் கண்ணாடியைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். விளக்கேற்றும் நேரத்தில் அதுவும் நினைவுக்கு வரட்டும் என்றாராம். நான் பார்த்த வரையில் அவருக்குப் புண் வந்ததேயில்லை. ஒவ்வொரு நாற்காலியோடும் மெத்தை, இரண்டு வருடத்தில் அது நசிந்துபோனதும் இன்னொன்று என்று இப்போதே கணக்கில் சேருங்கள்.

செயற்கைக் கால் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சக்கர நாற்காலி கேட்டு வருபவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் நல்ல கால் இல்லாததால் கேட்பவர்கள். ஒரு பெரியவருக்குப் பொருத்திய கால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் உழைக்கும். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை மாற்ற வேண்டிவரும். பத்து வயதில் காலிழந்த ஒரு பிள்ளைக்கு வாழ்நாளில் 25 கால்கள் தேவைப்படும் என்று செஞ்சிலுவைக் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். சத்திர சிகிச்சைக்குப் பிந்திய முதல் ஆண்டில் எஞ்சிய காலின் பருமன் சுருங்கிக்கொண்டே போவதால், அது நுழையும்படி முதலில் பொருத்திய கிண்ணம் தளர்ந்து தோலை உராயும். அந்த வலியில்தான் பலர் காலைக் கழற்றி முகட்டில் செருகிவிட்டுக் கட்டைத்தடிக்குத் திரும்புகிறார்கள். வயலில் சேறு மிதிப்பவருக்கும் வெறுங்காலோடு கோயில் சுற்றுபவருக்கும் ஜெய்ப்பூர்க் கால் நல்லது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான அது இறப்பரால் ஆனது, சப்பாத்தில்லாமல் நடக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 தொடக்கம் அந்தப் பணியைச் செய்துவருகிறது. ஆனால் நம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள வெருகலில் இருந்து யாழ்ப்பாணம் 200 கிலோமீற்றருக்கு மேல். அளவெடுக்க ஒரு பயணம், பொருத்திப் பழக சில நாள் தங்கல், துணைக்கு ஒருவர், இரண்டு பேருடைய கூலி இழப்பு என்று சேரும்போது, காலை இலவசமாகக் கொடுத்தாலும் போய் வாங்க முடியாத நிலை வருகிறது. ஒரு வான் பிடித்து எட்டுப் பேரை ஒன்றாகக் கூட்டிப்போய், தங்கும் நாட்களுக்குச் சாப்பாடும் கூலியும் கொடுத்தீர்களானால், 40 நாற்காலிக்கு ஈடான பயன் அதில் உண்டு. அதைப் படம் எடுத்துக் காட்டுவது கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி வெள்ளத்தைப் பற்றி. டித்வாவின்போது மகாவலியும் வெருகல் ஆறும் பெருகி மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கங்களில் மக்கள் வீடுகளை விட்டு எழும்ப வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் மாவட்டத்தின் வடக்குக் கரையில்தான் ஏறியது. ஐப்பசி பிறந்தால் தை வரை இந்தப் பயம் தீராது. வெள்ளம் வந்தால் இங்கே பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் பள்ளிவாசல்களும்தான் மக்கள் தங்கும் நலன்புரி நிலையங்கள். பாடசாலைக்கு மூன்று படி; மலசலகூடம் மைதானத்தின் மறுபக்கம்; அதுவும் குந்தியிருக்கும் வகை. குந்த முடியாத பெண்ணொருத்தி என்ன செய்வாள் என்றால், தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். சிறுநீர் வெளியேறக் கதீற்றர் என்ற குழாய் போட்டிருப்பவர் அப்படிச் செய்தால் இரண்டு மூன்று நாளில் சிறுநீர்த் தொற்றோடு காய்ச்சல் வரும். நாங்கள் செய்கிற வைத்தியம் மிக எளியது. சாதாரண பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தோலைக் கிழிக்காதபடி அரத்தால் தேய்த்து, கீழே ஒரு வாளி வைத்து, மூலையில் சேலை கட்டி மறைத்துவிட்டால் ஒரு நிலையத்தில் பத்துப் பேருக்கு மானத்தோடு இருக்க இடம் கிடைக்கும். நீங்கள் வாங்கக்கூடிய பொருட்களில் இதைவிட மலிவானதும் தேவையானதும் எனக்குத் தெரியவில்லை.

உலர் உணவுப் பொதிகள் போதுமான அளவு வரும். அவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூளை வாதம் உள்ள பிள்ளைக்குச் சோறு விழுங்க வராது, கஞ்சியோ மசித்த உணவோ வேண்டும் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. எல்லோரும் பம்பஸ் என்று சொல்லும் அணையாடை பெரியவர்களின் அளவில், கதீற்றரும் சிறுநீர்ப் பையும், கையுறை, மருந்துத் துணி, காது கேட்கும் கருவிக்கு பற்றரி, ஊன்றுகோலின் நுனியில் போடும் இறப்பர் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு முன்கூட்டியே பிரதேசத்துக்கு ஒன்றாக வைக்கலாம். அந்த இறப்பர் நுனி தேய்ந்து கம்பி வெளியே தெரியும் ஊன்றுகோலோடு, மழை நனைத்த சீமெந்துத் தரையில் நடந்து விழுந்து, இருந்த நல்ல காலையும் முறித்துக்கொண்டவர்கள் உண்டு. மருந்து இன்னும் முக்கியம். வலிப்புக்குக் குளிசை எடுப்பவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மனநோய்க்கு மாதம் ஒரு தடவை ஊசி போடுபவருக்குக் கிளினிக் தவறினால், மூன்று நாலு வருடமாக அமைதியாக இருந்த வீடு மறுபடி கலங்கும். வெள்ளத்தில் அவர்கள் முதலில் இழப்பது கிளினிக் கொப்பியை. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பது அதில் மட்டும்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் இறுக மூடும் ஒரு பொலித்தீன் பையும், கொப்பியின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கும் பழக்கமும் கொடுத்தால் அது உண்மையான நிவாரணம்.

வீடு, தொழில் இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாய்வுப்பாதை போடுவதானால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தைக் கொத்தனாரிடம் சொல்லுங்கள். ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டுவிட்டால் அது பிள்ளைகள் சறுக்கி விளையாடத்தான் உதவும். கதவு 90 சென்ரிமீற்றர் அகலமாவது வேண்டும். தொழிலுக்கென்று பொருள் கொடுக்கும்போது கேட்டுவிட்டுக் கொடுங்கள்: வலது கால் இல்லாத பெண்ணுக்குக் கால்மிதித் தையல் இயந்திரம் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன், சிறு மோட்டர் ஒன்று பூட்டியிருந்தால் அதுவே அவளுடைய சோறாகியிருக்கும். பல வேளைகளில் பணமாகக் கொடுப்பதே சிறந்தது, ஆனால் அது குடும்பத்தில் யாருடைய கைக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பராமரிப்பவருக்கும் ஒரு பங்கு வையுங்கள். இரவும் பகலும் தூக்கிப் புரட்டும் அந்தத் தாயையோ மனைவியையோ இதுவரை எந்தத் திட்டமும் கணக்கில் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

நீங்கள் செய்வது அரசு செய்ய வேண்டியதற்குப் பதிலாக ஆகிவிடக் கூடாது என்பதையும் மனத்தில் வையுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் பாதுகாப்புக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இலேயே நம் நாட்டில் வந்தது. கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. அதன் 11ஆம் உறுப்புரை, போர், இயற்கை அனர்த்தம் போன்ற ஆபத்து வேளைகளில் அவர்களைப் பாதுகாப்பதை அரசின் கடமை ஆக்குகிறது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்தபோது, வெடியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் பொறுப்பையும் நாடு ஏற்றுக்கொண்டது. எனவே உங்கள் குழு ஒருவருக்கு நாற்காலி கொடுக்கும்போது, அவருக்குரிய மாதாந்தக் கொடுப்பனவு வருகிறதா, தேசிய அடையாள அட்டை இருக்கிறதா என்றும் கேட்டு, இல்லையென்றால் விண்ணப்பத்தை நிரப்பிப் பிரதேச செயலகம் வரை கூடப்போய்க் கொடுக்க ஒருவரை வையுங்கள். நாற்காலி நாலைந்து வருடத்தில் தேய்ந்துவிடும். அந்தக் கொடுப்பனவு மாதா மாதம் வரும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகத்தாரும் வாழும் மாவட்டம் இது. கந்தளாயிலும் சேருவிலயிலும் தோப்பூரிலும் உங்கள் ஆட்கள் போய்க் கேட்க வேண்டும். உங்கள் பணம் எந்தப் பாடசாலையின் பெயரால் சேர்ந்ததோ அந்தப் பாடசாலையின் வகுப்பறைகளில்கூட வெள்ள காலத்தில் எல்லோரும்தான் வந்து படுக்கிறார்கள்.

யார் மூலம் கொடுப்பது என்று கேட்டீர்கள். மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சங்கங்கள் பிரதேச மட்டத்தில் இருக்கின்றன. அவர்களை முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள், பணத்தைச் செலவழிக்கும் முடிவிலும் அவர்களை இருத்துங்கள். எந்த ஒழுங்கையில் யார் படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மண்டபத்தில் விழா வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வழங்கல் நிகழ்வுக்கு நானும் போயிருந்தேன். மேடைக்கு நாலு படி, சாய்வுப்பாதை இல்லை. பெயர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவரையும் நாலு இளைஞர்கள் தூக்கி மேடையில் ஏற்றினார்கள். அறுபதைத் தாண்டிய ஒரு மனிதரைத் தூக்கும்போது அவருடைய சாரம் அவிழ்ந்தது. அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டதால் நாற்காலியை வாங்கக் கை நீட்ட முடியவில்லை. படம் எடுப்பவர் “இங்க பாருங்கோ” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எழுந்துபோய் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை. அந்த மனிதரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. நாற்காலியை அவருடைய வீட்டு முற்றத்தில் வைத்துக் கொடுங்கள். பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்டப் படம் தேவையென்றால், அவரைக் கேட்டு, அவர் விரும்பிய உடுப்போடு, அவர் சொன்ன நேரத்தில் எடுங்கள். வேண்டாம் என்றால் நாற்காலியை மட்டும் எடுங்கள்.

இன்னொன்று, எச்சரிக்கை பற்றியது. கரையோரத்தில் சுனாமிக் கோபுரங்களும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. காது கேளாதவருக்கு அவை இல்லாதவை போலத்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டார் ஒருவரைப் பெயர் சொல்லி ஒழுங்கு செய்யுங்கள்: எச்சரிக்கை வந்தால் இன்னார் ஓடிவந்து தோளைத் தொடுவார், இன்னார் முச்சக்கர வண்டியைக் கொண்டுவருவார், இன்னார் மருந்துப் பையைத் தூக்குவார் என்று. வருடத்தில் ஒரு தடவை உண்மையாகவே தூக்கி ஏற்றி ஒத்திகை பார்த்தால்தான் கதிரை ஓட்டோவின் கதவுக்குள் நுழையாது என்பது தெரியவரும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஆனால் ஊரில் இருப்பவர் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்.

நீங்கள் மார்கழி விடுமுறையில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். முடியுமானால் அதை ஆவணிக்கு மாற்றுங்கள். மார்கழியில் பாதிப் பாதைகள் தண்ணீருக்குள் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டிய ஆட்களே இடம்பெயர்ந்திருப்பார்கள். அதற்கு முன் சித்திரை, வைகாசியில் நாங்கள் இரண்டு பேர் சமூக சேவை உத்தியோகத்தரோடு வீடுகளைப் பார்த்து அளவுகளை எழுதி அனுப்புகிறோம். யாருக்கு நாற்காலி, யாருக்குக் கால், யாருக்கு வெறும் மெத்தையும் இறப்பர் நுனியும் என்று பிரித்துப் பார்த்தால், 40 நாற்காலிக்குப் பதிலாகப் பதினைந்து நாற்காலி போதும் என்று தெரியவரலாம். வாங்குவதைக் கொழும்பில் செய்யலாம். ஆவணியில் நீங்கள் வரும்போது ஒழுங்கைகளில் மணல் காய்ந்து இளகிக் கிடக்கும். அந்த மணலில் அந்தந்த ஆளை இருத்தி, வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் அவரே தள்ளிப் போகிறாரா என்று பார்த்த பிறகு கையெழுத்தை வாங்கலாம்.